பத்துப் பாகம் ஆழத்தில் ஒரு ஆடிட்: முத்துப் பார்களைக் கணக்கெடுத்த ஜேம்ஸ் ஹார்னெல்

ஒரு சரக்கு இருக்கிறது. அது எவ்வளவு இருக்கு, தரம் எப்படி, எப்போது எடுக்கலாம் என்று முடிவு செய்ய வேண்டிய அதிகாரியால் அதைக் கண்ணால் பார்க்கவே முடியாது. பார்த்துவிட்டு வந்து சொல்லக்கூடிய ஒரே ஆள், அந்தச் சரக்கை எடுத்துப் பிழைப்பு நடத்துபவர். அவர் சொல்வதை அப்படியே எழுதி, கீழே கையெழுத்துப் போட்டால் வேலை முடிந்துவிடுமா?

சப்ளையர் ஆடிட், கம்ப்ளையன்ஸ் வேலையில் இருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி புதுசு இல்லை. சப்ளையருக்கு ஒரு ஃபார்ம் போகும். அதில் நூறு கேள்வி இருக்கும். நூறுக்கும் ஆம் என்று டிக் அடித்துத் திரும்பி வரும். அதை வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது.

இதே சிக்கல் நூறு வருஷத்துக்கும் முன்பு தூத்துக்குடிக் கடலில் இருந்தது. சரக்கு, முத்துச் சிப்பி. கிடங்கு, மன்னார் வளைகுடாவின் அடித்தளம். பார்க்க வேண்டியவர் அரசு அதிகாரி. பார்த்துச் சொல்பவர் முத்துக் குளிப்பவர். இந்த இடைவெளியை அடைக்கப் பல வருஷம் உழைத்தவர்களில் முக்கியமானவர், ஜேம்ஸ் ஹார்னெல். சங்கு, முத்து, படகு என்று இந்தக் கடற்கரையைப் பற்றி எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் அவர் பெயர் வந்துவிடும்.

யார் இந்த ஹார்னெல்?

1865-ல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். 1890-களில் ஜெர்சி தீவில், மாமனார் ஜோசப் சினெலுடன் சேர்ந்து ஒரு கடல் உயிரியல் நிலையத்தை நடத்தினார். பதப்படுத்திய கடல் உயிரினங்களையும் மைக்ராஸ்கோப் ஸ்லைடுகளையும் ஆய்வு செய்பவர்களுக்கு அனுப்புவது அங்கே ஒரு முக்கிய வேலை. அதாவது, ஹார்னெல் முதலில் ஒரு சப்ளையர். எந்த உயிரினம், எங்கே கிடைத்தது என்று லேபிள் இல்லாத ஒரு ஜாடிக்கு ஆய்வகத்தில் மதிப்பு கிடையாது. இந்தத் தொழில் பழக்கம் பின்னாடி அவருக்கு ரொம்பவே உதவியது.

1902-ல் வாழ்க்கை திசை மாறியது. இலங்கைப் பக்கம் 1891-க்குப் பிறகு முத்துக் குளிப்பே நடக்கவில்லை. காரணம் கண்டுபிடிக்க, லிவர்பூலைச் சேர்ந்த பேராசிரியர் வில்லியம் ஹெர்ட்மனை அரசு அனுப்பியது. அவருக்கு உதவியாளராக வந்தவர்தான் ஹார்னெல். சில மாதங்களில் ஹெர்ட்மன் ஊர் திரும்பினார். ஹார்னெல் இங்கேயே தங்கிவிட்டார். பார்களின் ஆய்வுப் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. இருவரின் உழைப்பில் உருவான ஆய்வறிக்கை, 1903 முதல் 1906 வரை ஐந்து தொகுதிகளாக வெளிவந்தது.

நடுவிலேயே தூத்துக்குடிப் பக்கத்துப் பார்களையும் அவர் ஆராய்ந்தார். மன்னார் வளைகுடாவின் இந்திய முத்துக் குளிப்பு பற்றிய அவருடைய அறிக்கை 1905-ல் சென்னையில் அச்சானது. அடுத்த சில ஆண்டுகளில் சென்னை மாகாண மீன்வளத் துறைக்கே வந்து, முத்து, சங்குக் குளிப்பின் கண்காணிப்பாளரானார். பிறகு அந்தத் துறையின் இயக்குநராகி, 1924 வரை பணியில் இருந்தார்.

சலாபம்னா என்ன? அதுக்கு ஏன் ஆய்வு?

முத்துக் குளிக்கும் பருவத்தைச் சலாபம் என்பார்கள். கடலடியில் சிப்பி படியும் பாறைத் திட்டு, பார். தூத்துக்குடிக்கு எதிரே உள்ள பார்களில் பெரிய பெயர் தொலையிரம் பார். இந்தக் கடற்கரைக்கே முத்துக்குளித்துறை என்றுதான் பெயர். கொற்கை முத்து சங்க காலத்திலிருந்தே கடல் கடந்து போனது.

ஆனால் முத்து வருஷா வருஷம் கிடைக்கும் விளைச்சல் இல்லை. தூத்துக்குடியில் 1889, 1890-ல் சலாபம் நடந்தது. அடுத்தது 1900-ல்தான். பிறகு 1907, 1908. நடுவில் வெற்று வருஷங்கள்.

சிப்பிக்குச் சரியான வயது ஏறக்குறைய நான்கு முதல் ஆறு. அதற்கு முன் எடுத்தால் முத்து பொடிப்பொடியாக இருக்கும், இளம் சிப்பியும் வீணாகும். ரொம்பக் காத்திருந்தால் சிப்பி கிழடாகி, கடலடியிலேயே செத்துப்போகும். முத்தும் அதோடு மண்ணில் போகும்.

இதில் தப்பு செய்தால் என்ன நஷ்டம்? சலாபம் அறிவித்துவிட்டால் கடற்கரையில் ஒரு தற்காலிக ஊரே எழும்பும். பரதவர்கள், கீழக்கரை முஸ்லிம் குளிகாரர்கள், அக்கரையிலிருந்து வருபவர்கள், முத்து வியாபாரிகள், வட்டிக்குக் கொடுப்பவர்கள், கடைக்காரர்கள், போலீஸ், மருத்துவர் என்று ஆயிரக்கணக்கில் கூடுவார்கள். கூட்டம் சேர்ந்தால் காலரா பயமும் கூடவே வரும். இத்தனை பேரையும் கூட்டிவிட்டு, கடலில் சிப்பி இல்லை என்று சொல்ல முடியாது. கடன் வாங்கிப் படகு கட்டியவனின் குடும்பம் தெருவுக்கு வந்துவிடும். மாறாக, இருப்பது தெரியாமல் விட்டால் அரசுக்கும் குளிகாரருக்கும் சேர்த்தே நஷ்டம்.

எனவே பார் ஆய்வு என்பது சும்மா ஃபைலுக்காகச் செய்யும் சடங்காக இருக்க முடியாது. அந்தக் காகிதத்தை நம்பித்தான் ஒரு கடற்கரையே அந்த வருஷம் நகரும்.

பழைய முறையில் என்ன குறை?

ஹார்னெல் வருவதற்கு முன்பே ஆய்வு நடந்துகொண்டுதான் இருந்தது. ஆய்வுக் கப்பல் ஓரிடத்தில் நங்கூரம் போடும். அதை நடுப்புள்ளியாக வைத்துச் சிறு படகுகள் வட்டமடிக்கும். படகில் இருக்கும் குளிகாரர் சிறிது தூரத்துக்கு ஒருமுறை மூழ்கி, அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்து, சிப்பி இருந்தால் அள்ளிக்கொண்டு வருவார். அது வரைபடத்தில் குறிக்கப்படும்.

வடிவமைப்பாகப் பார்த்தால் இது நல்ல முறைதான். கண்ணுக்குத் தெரியாத பரப்பில் விட்டு விட்டு மாதிரி எடுப்பது இன்றைக்கும் ஆடிட்டில் நடப்பதுதானே. குறை, கேட்ட கேள்வியில் இருந்தது. சிப்பி இருக்கா, இல்லையா? பெரிசா, சின்னதா? இதைத் தாண்டி அதிகம் கேட்கவில்லை.

இதனால் என்ன ஆனது? இலங்கைப் பக்கத்தில் பெரிய பார் என்று ஒரு பார். பெயருக்கேற்ப விரிந்து கிடப்பது. இளம் சிப்பிகள் அங்கே கோடிக்கணக்கில் வந்து படியும். அறிக்கை பார்த்தவர்களுக்கெல்லாம் வாயில் எச்சில் ஊறும். ஆனால் குளிக்கிற வயது வருவதற்குள் எல்லாம் காணாமல் போய்விடும். திரும்பவும் படியும், திரும்பவும் மறையும். சிப்பி இருக்கா என்ற கேள்விக்கு ஒவ்வொரு முறையும் உண்மையான பதில்தான் வந்தது. குளிகாரர் யாரும் பொய் சொல்லவில்லை. கேள்வியில்தான் ஓட்டை.

அந்தச் சிப்பி அங்கே நிலைக்குமா என்று கேட்டிருந்தால் விஷயம் அப்போதே தெரிந்திருக்கும். பெரிய பார் திறந்த கடலைப் பார்த்துக் கிடக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றின் வேகத்தை அது நேரடியாக வாங்குகிறது. அங்கே படியும் இளம் சிப்பியை அப்படியே விட்டுக் காத்திருப்பதில் அர்த்தமில்லை, அள்ளிப் பாதுகாப்பான பார்களுக்கு மாற்ற வேண்டும் என்று ஹெர்ட்மனும் ஹார்னெலும் சொன்னார்கள்.

ஹார்னெலின் கேள்விகள் எவை?

அந்தக் கால ஆய்வுகளையும் அறிக்கைகளையும் பிரித்துப் பார்த்தால், ஒவ்வொரு பாரிலும் திரும்பத் திரும்பப் பதிவான விஷயங்களை இப்படி அடுக்கலாம்.

ஒன்று, எந்த இடம்? குளிகாரர்கள் பார்களுக்குத் தலைமுறை தலைமுறையாகப் பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பெயரும் வேண்டும், வரைபடத்தில் அதன் இடமும் வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் அடுத்த வருஷம் வேறொரு ஆள் அதே இடத்துக்குப் போக முடியும்.

இரண்டு, எவ்வளவு ஆழம், அடியில் என்ன? ஆழத்தை மீனவர்கள் பாகத்தில் சொல்வார்கள். ஒரு பாகம் ஏறக்குறைய ஆறடி. பல பார்கள் பத்துப் பாகத்தை ஒட்டியே கிடக்கின்றன. அடித்தளம் பாறையா, மணலா என்பது அதைவிட முக்கியம். சிப்பிக்குப் பிடித்து நிற்க ஏதாவது கெட்டியாக வேண்டும். மணல் நகர்ந்தால் மொத்தமும் புதைந்துவிடும்.

மூன்று, எண்ணிக்கை என்ன? நிறைய என்று எழுதினால் போதாது. ஒரு மூழ்கலுக்கு எத்தனை சிப்பி வந்தது என்று எழுத வேண்டும்.

நான்கு, வயது என்ன? ஒரே பாரில் ஒரு வயதுச் சிப்பியும் நான்கு வயதுச் சிப்பியும் கலந்து கிடக்கலாம். மொத்தத்தை மட்டும் கூட்டி எழுதினால் இந்த வருஷ விளைச்சலும் மூன்று வருஷம் கழித்து வரப்போகும் விளைச்சலும் ஒரே எண்ணுக்குள் குழம்பிப்போகும்.

ஐந்து, கூட வேறு யார் இருக்கிறார்கள்? சூரன் என்று கரையில் சொல்லும் ஒரு சிறு மட்டி, நூல் நூலாக வலை பின்னி இளம் சிப்பியை மூச்சுத் திணற வைக்கும். நட்சத்திர மீன் சிப்பியைத் திறந்து தின்னும். ஒருவகைக் கடற்பஞ்சு ஓட்டைத் துளைக்கும். திருக்கை, சிப்பியை நொறுக்கித் தின்னும். சிப்பி நிறைந்த ஒரு பாரில் சூரனும் நிறைந்திருந்தால், அந்தப் பாரை நம்பி முன்பணம் கொடுக்க முடியாது.

ஆறு, போன ஆய்வில் இதே இடத்தில் என்ன இருந்தது? ஒருமுறை எடுத்த எண் ஒரு செய்தி மட்டும்தான். அதே இடத்தில், அதே முறையில், அடுத்தடுத்து எடுத்தால்தான் ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரியும்.

இந்தப் பட்டியலில் ஒரு பொதுத்தன்மை இருக்கிறது. எந்தக் கேள்விக்கும் ஆம், இல்லை என்று பதில் சொல்ல முடியாது. கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும் மேலே கொண்டுவந்து காட்ட ஒரு பொருள் உண்டு. சிப்பி, மணல், பாறைத் துண்டு, சூரன். குளிகாரரின் வாய்ச்சொல்லோடு நிறுத்தாமல், இழுவலையும் சுரண்டும் கருவிகளும் கொண்டு அடித்தளத்தையே அள்ளி மேலே எடுத்தார்கள். கையில் இருக்கும் பொருளை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார்கள்.

இன்னொன்றும் உண்டு. பதில் மாறினால் முடிவு மாறும். வயது குறைவா, காத்திரு. அடித்தளம் சரியில்லையா, கெட்டியான கல், ஓடு போட்டுப் பார். இடம் ஆபத்தானதா, இடம் மாற்று. எந்த முடிவையும் மாற்றாத கேள்விக்கு அந்தப் படகில் இடம் இருந்திருக்காது. ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு மனிதன் மூச்சை அடக்கிக்கொண்டு கீழே போய் வர வேண்டுமே.

விலை எப்படித் தெரிந்தது?

சிப்பி எத்தனை என்று தெரிந்தாலும், உள்ளே முத்து எப்படி என்று வெளியிலிருந்து தெரியாது. அதற்குத்தான் மாதிரி எடுக்கும் முறை. ஒரு பாரிலிருந்து சில ஆயிரம் சிப்பிகளை எடுத்து, அழுகவிட்டு, கழுவி, கிடைத்த முத்துகளைச் சேகரிப்பார்கள். பத்துச் சல்லடைகளில் அவற்றைச் சலிப்பார்கள். முதல் சல்லடையில் 20 துளை, கடைசியில் 1000 துளை. துளை கூடக் கூட முத்து பொடிசு. பிறகு உருண்டை, ஒளி, நிறம் பார்த்து ஆணிமுத்து முதல் தூள் வரை தரம் பிரிப்பார்கள். விலை போட்டு, ஆயிரம் சிப்பிக்கு இத்தனை ரூபாய் என்று ஒரே எண்ணாக அறிவிப்பார்கள். அந்த எண்ணை வைத்துத்தான் சலாபத்துக்கு வருவதா வேண்டாமா என்று வெளியூர் வியாபாரி முடிவு செய்வார்.

இதிலும் ஒரு பாடம் இருக்கிறது. சல்லடை யாருக்கும் சலுகை காட்டாது. சலிப்பவர் அரசு ஆளாக இருந்தாலும் வியாபாரியின் ஆளாக இருந்தாலும், அந்த முத்து அந்தத் துளையில்தான் நிற்கும். ஆள் மாறினாலும் பதில் மாறாத கேள்வி அது. அதற்கு மேல் நிறம், ஒளி என்று வரும்போதுதான் கண்ணும் அனுபவமும் தேவைப்பட்டன. அளக்கக்கூடியதை முதலில் அளந்துவிட்டு, மதிப்பிட வேண்டியதைத் தனியாக வைத்திருந்தார்கள்.

மூன்று குவியல் ஐடியா

குளிகாரர்களுக்குக் கூலி, பணமாகக் கிடையாது. எடுத்த சிப்பியில் பங்கு. படகு கரைக்கு வந்ததும் கொட்டு என்னும் அரசு அடைப்புக்குள் சிப்பியைக் கொண்டுபோய், குளிகாரர்களே அதை மூன்று குவியலாகப் பிரிப்பார்கள். எந்தக் குவியல் அவர்களுக்கு என்று அதிகாரிதான் சொல்வார். மற்ற இரண்டும் அரசுக்கு. அரசின் சிப்பி அன்று மாலையே ஆயிரம் ஆயிரமாக ஏலம் போகும்.

இதில் ஏமாற்ற வழி குறைவு. எந்தக் குவியல் தன் பங்குக்கு வரும் என்று தெரியாததால், மூன்றையும் சமமாகப் பிரிப்பதுதான் பிரிப்பவருக்கே லாபம். வீட்டில் ரெண்டு பிள்ளைகளுக்கு ஒரு மாம்பழத்தை ஒருத்தனை வெட்டச் சொல்லி, இன்னொருத்தனை முதலில் எடுக்கச் சொல்வார்களே, அதே கணக்குதான். இது ஹார்னெல் கண்டுபிடித்த முறை அல்ல, கடற்கரையின் பழைய ஏற்பாடு. ஒவ்வொரு சிப்பியையும் எண்ணிச் சரிபார்க்க ஆயிரம் கண்காணிப்பாளர் வேண்டாம். விதி ஒழுங்காக அமைந்தால் அதுவே கண்காணிக்கும். (கடலிலேயே சிப்பியைத் திறந்து முத்தைச் சுருட்டும் வேலை நடக்காமல் இல்லை. அதற்குத் தனிக் காவல் தேவைப்பட்டது.)

சங்குக்கு ஒரே ஒரு கேள்வி

முத்து எப்போதாவது வரும் விருந்தாளி. தூத்துக்குடி குளிகாரர்களுக்கு வருஷா வருஷம் சோறு போட்டது சங்கு. ஹார்னெல் 1914-ல் வெளியிட்ட இந்தியப் புனிதச் சங்கு பற்றிய நூல், ஒரு முழு சப்ளை செயினின் கதை. தூத்துக்குடியில் எடுக்கும் சங்கு வங்காளத்துக்குக் கப்பல் ஏறும். டாக்காவின் சங்கறுக்கும் தொழிலாளர்கள் அதை அரம்போன்ற பெரிய வாளால் வளையம் வளையமாக அறுப்பார்கள். அது அங்குள்ள சுமங்கலிப் பெண்களின் கையில் வளையலாக ஏறும். கடலடி முதல் வளையல் வரை ஒவ்வொரு கட்டத்தையும் அவர் பதிவு செய்தார். கொற்கையில் அறுபட்ட சங்குத் துண்டுகளைக் கண்டு, இந்தத் தொழில் ஒரு காலத்தில் தாமிரபரணிக் கரையிலேயே நடந்தது என்றும் எழுதினார்.

சங்கு ஆய்வுக்கு நீண்ட பட்டியல் தேவைப்படவில்லை. ஒரு துளை போட்ட அளவுப் பலகை போதும். குறுக்களவு இரண்டேகால் அங்குலம், அதாவது சுமார் 57 மில்லிமீட்டர். அந்த ஓட்டையில் நுழைந்து விழும் சங்கு சின்னது. அதை உயிரோடு கடலுக்கே திருப்பிவிட வேண்டும். நுழையாமல் நிற்பதுதான் கணக்கில் சேரும், அதற்குத்தான் காசு.

எழுதப் படிக்கத் தெரியாத ஆளும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லலாம். பலகையை வைத்து யாரும் எப்போது வேண்டுமானாலும் மறுபடி சரிபார்க்கலாம். சின்னச் சங்கை எடுத்து வருவதால் குளிகாரருக்கும் பைசா லாபம் இல்லை. ஒரு விதியை எப்படி எழுதினால் அது தானாகவே கடைப்பிடிக்கப்படும் என்பதற்கு இதைவிட எளிய உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

பட்டியலில் இல்லாதது எது?

ஹார்னெலை எல்லாம் தெரிந்தவராகக் காட்டினால் கதை பாதிதான். அவரும் ஹெர்ட்மனும் ஒரு கோட்பாட்டை உறுதியாக நம்பினார்கள். ஒருவகை நாடாப்புழுவின் இளம் உயிரி சிப்பிக்குள் புகுவதால்தான் நல்ல முத்து உருவாகிறது என்பது அது. இதனால் திருக்கை மாதிரியான மீன்களும் முத்துக்குத் தேவை என்று கணக்குப் போட்டார்கள். புழு வளர அந்த மீன்களின் வயிறு வேண்டுமாம். பின்னால் வந்த ஆய்வாளர்கள் இதை மறுத்தார்கள். பெரும்பாலான முத்துக்குப் புழு காரணம் இல்லை என்பது தெளிவானது. ஆனால் இடம், ஆழம், அடித்தளம், எண்ணிக்கை, வயது என்று அவர்கள் சேர்த்த பதிவுகள் அப்படியே பயன்பட்டன. விளக்கம் தோற்றாலும் தரவு தோற்கவில்லை. பார்த்ததைத் தனியாகவும் நினைத்ததைத் தனியாகவும் எழுதி வைத்தால் கிடைக்கும் பலன் இது.

இரண்டாவது குறை பெரியது. 1905-ல் இலங்கைப் பக்கம் நடந்த சலாபம் மிகப் பெரியது. சுமார் 8 கோடி சிப்பி எடுக்கப்பட்டது. அரசுக்கு வருமானம் ஏறக்குறைய 25 லட்சம் ரூபாய். அடுத்த வருஷமே, இலங்கைப் பார்களை 20 ஆண்டுக் குத்தகைக்கு ஒரு லண்டன் கம்பெனி எடுத்தது. 1907-க்குப் பிறகு விளைச்சல் நின்றது. 1912-ல் கம்பெனியின் கதை முடிந்தது. இலங்கையில் அடுத்த சலாபம் நடக்க 1925 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கிழட்டுச் சிப்பி எப்படியும் சாகத்தானே போகிறது, விட்டு வைத்தால் வீண் என்பது அன்றைய வாதம். எவ்வளவு எடுக்கலாம் என்று சொல்ல ஆய்வில் வழி இருந்தது. அடுத்த தலைமுறைக்கு விதையாக எவ்வளவு விட வேண்டும் என்ற கேள்விக்கு உறுதியான பதில் யாரிடமும் இல்லை. நல்ல டேட்டா இருந்தும், கேட்காத கேள்விக்கு அதால் பதில் சொல்ல முடியாது.

மூன்றாவது, மனிதர்கள். பார் ஆய்வின் நோக்கம் சிப்பி. மூழ்குபவரின் காதும் நுரையீரலும் அதன் கணக்கில் வராதவை. ஆனால் கடற்கரைக்கென்று ஒரு கணக்கு இருந்தது. சுறாவைக் கட்டிப்போடுபவர் என்று நம்பப்பட்ட கடல்கட்டி கரையில் இல்லாவிட்டால் பல குளிகாரர்கள் தண்ணீரில் இறங்க மாட்டார்கள். அந்த நம்பிக்கையில் பங்கில்லாத அரசே அவருக்குச் சன்மானம் கொடுத்தது. அரசின் படிவங்களில் இருந்ததோ இல்லையோ, வேலை நடக்க அது தேவைப்பட்டது. இந்த மக்களின் படகுகள், பழக்கவழக்கங்கள் மேல் ஹார்னெலுக்கே பெரிய ஈடுபாடு வந்தது. இந்தியப் படகுகளின் அமைப்பு பற்றி 1920-ல் தனி ஆய்வே எழுதினார். ஓய்வுக்குப் பின் பசிபிக் தீவுகள் வரை போய்ப் படகுகளை ஆராய்ந்தார். ஏ.சி. ஹேடனுடன் சேர்ந்து அவர் எழுதிய ஓசியானியாவின் தோணிகள் பற்றிய நூல், 1936 முதல் 1938 வரை மூன்று தொகுதிகளாக வந்தது. 1949-ல் அவர் காலமானார்.

இல்லை என்று சொல்லும் தைரியம்

தூத்துக்குடியில் 1926, 1927, 1928-ல் சலாபம் நடந்தது. அதன் பிறகு நீண்ட இடைவெளி. சுதந்திரத்துக்குப் பிறகு 1955-ல் தொடங்கி 1961 வரை நடந்தது. அதுதான் கடைசி. பிறகு சலாபம் அறிவிக்கும் அளவுக்குப் பார்கள் தேறவே இல்லை.

கேட்கச் சோகமாக இருக்கும். ஆனால் ஒரு நல்ல ஆய்வு முறையின் உண்மையான சோதனை இங்கேதான். எல்லா வருஷமும் ஆம் என்று சொல்லும் ஆடிட்டுக்கு மதிப்பில்லை. முத்து மேல் ஆசை இருந்தும், வருமானம் தேவைப்பட்டும், சிப்பி இல்லை என்றால் இல்லை என்று எழுதத் தெரிய வேண்டும். ஆய்வாளர்கள் பிறகு வேறு வழி தேடினார்கள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1973-ல் தூத்துக்குடி அருகே உருண்டையான வளர்ப்பு முத்தை உருவாக்கியது. 1981-ல் சிப்பிக் குஞ்சுகளைப் பொரிப்பகத்தில் உற்பத்தி செய்தது. சிப்பியின் இனப்பெருக்கம், வயது, அதற்கு ஏற்ற இடம் பற்றிப் பார்களில் பல தலைமுறை சேர்த்த அறிவு அந்த வேலைக்கு அடித்தளம்.

இன்றைக்கு இதில் என்ன இருக்கு?

தூத்துக்குடியிலிருந்து இன்று இறாலும் கணவாயும் கண்டெய்னரில் போகின்றன. 2010 ஜனவரி 1 முதல், கடலில் பிடித்த மீனை ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அனுப்ப, பிடிப்புச் சான்றிதழ் கட்டாயம். எந்தப் படகு, எந்தக் கடல், என்ன மீன், எத்தனை கிலோ என்று காட்ட வேண்டும். இந்தியாவில் அதை எம்பெடா என்னும் கடல்பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையம் பார்க்கிறது. கொச்சியிலோ சென்னையிலோ ஒரு ஏசி அறையில் இருப்பவருக்கு, கடலில் நடந்தது என்ன என்று தெரிய வேண்டும். பார்த்தவர் படகுக்காரர் மட்டும்தான். ஹார்னெலின் அதே சிக்கல்.

அந்தப் படிவத்தை வடிவமைக்கும் வேலை உங்கள் மேசைக்கு வந்தால், முத்துப் பாரில் சோதித்துப் பார்த்த சில விஷயங்கள் கைகொடுக்கும்.

கேள்வி எழுதும் முன், இந்தப் பதிலை வைத்து என்ன முடிவு மாறும் என்று கேளுங்கள். எதுவும் மாறாது என்றால் அடித்துவிடுங்கள். ஆம், இல்லை என்று கேட்பதைவிட எத்தனை, எந்தத் தேதி, எந்த இடம் என்று கேளுங்கள். பதிலோடு காட்ட ஒரு பொருள், பில், படம் ஏதாவது இருக்கட்டும். பதில் சொல்பவருக்குப் பொய்யால் லாபம் வருமா என்று பாருங்கள். வரும் என்றால் கேள்வியை மாற்றுவதைவிட விதியை மாற்றுவது நல்லது, மூன்று குவியல் மாதிரி. அளக்கக்கூடியதை அளவுப் பலகையிடம் விட்டுவிடுங்கள், கருத்தைத் தனிப் பத்தியில் கேளுங்கள். களத்தில் இருப்பவரின் சொல்லையே படிவத்தில் வையுங்கள். பார், சூரன், கொட்டு என்ற கரைச் சொற்கள் அப்படியே ஆங்கில அறிக்கைகளில் ஏறியதால்தான், குளிகாரர் சொன்னதும் அதிகாரி எழுதியதும் ஒரே பொருளைக் குறித்தன.

கடைசியாக, பட்டியலை முடித்ததும் அதில் இல்லாதது எது என்று ஒருமுறை யோசியுங்கள். முத்துப் பார் ஆய்வில் விதைச் சிப்பிக்கும் மூழ்கும் மனிதனுக்கும் வரிசை இல்லாமல் போனது. உங்கள் எக்செல் ஷீட்டில் அந்த இரண்டுக்கும் ஆளுக்கொரு காலம் சேர்க்க ஐந்து நிமிஷம்தான் ஆகும்.